திறப்பு யார் கையில்?

(கிளிவெட்டியில் நடைபெற்ற கமக்காரர் கூட்டத்தில், சட்டத்தரணியும் அரசியல் ஊழியருமான ஒருவர் ஆற்றிய உரை)



அறுவடை முடிந்து, வைக்கோல் இன்னும் வயலிலே கிடக்கின்ற இந்நாளில், உடல் அலுப்பையும் பாராது இத்தனை பேர் இங்கே கூடியிருக்கின்றீர்கள். கொட்டியாரப் பற்றிலே தேர்தற் காலத்தில் மாத்திரந்தான் இவ்வளவு திரள் சேரும் என்பார்கள். இன்று வாக்குக் கேட்டு எவரும் வரவில்லை. ஆயினும் நீங்கள் வந்திருக்கின்றீர்கள். காரணம் நமக்குத் தெரியும். உங்கள் கமக்காரர் அமைப்பின் பொதுக்கூட்டம் அண்மித்துவிட்டது. அக்கூட்டத்திலே இரண்டு தீர்மானங்கள் வரவிருக்கின்றன.

முதலாவது தீர்மானம், இப்போதுள்ள நிர்வாக சபை முழுவதையும் நீக்கிப் புதியவர்களைத் தெரிவு செய்யவேண்டும் என்பது. இரண்டாவது தீர்மானம், பிரமுகர் ஒருவர் கட்டித் தருவதாகச் சொல்லும் நெற்களஞ்சியத்தையும் நெல் உலர்த்தும் களத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. ஆனால் அந்தக் களஞ்சியத்தை நடத்தும் குழுவின் பெயர்களை அவர் தரப்பே தருமாம். இவ்விரண்டையும் பற்றிச் சட்டம் அறிந்தவர் என்ற முறையிலே ஆலோசனை கூறும்படி எம்மை அழைத்திருக்கின்றீர்கள்.

சட்டம் கற்றவரின் சொல் இவ்வூருக்குப் புதிதன்று. இவ்வூர் மைந்தரான அ. தங்கத்துரை அவர்கள் 1970ஆம் ஆண்டு மூதூர்த் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்திற்குச் சென்றவர். 1997ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் அவர் திருகோணமலையிலே கொல்லப்பட்டார். அன்று மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதி. தமிழ் உறுப்பினர் ஒருவரும் முஸ்லிம் உறுப்பினர் ஒருவரும் ஒரே தொகுதியிலிருந்து ஒரே சபைக்குச் சென்றார்கள். நமது வாய்க்கால்களும் அப்படிப்பட்டவையே. ஒரே ஆற்றுத் தண்ணீரைத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பங்கிட்டு உண்கின்றோம். இதனை மனத்திலே வைத்துக்கொண்டு நாம் சொல்லப்போவதைக் கேளுங்கள்.

ஐந்து பெயர்கள்

ஆளை மாற்றினால் நிலை மாறும் என்று இளைஞர்கள் நம்புகின்றார்கள். அந்த நம்பிக்கையை நாம் பழிக்கவில்லை. ஆனால் இந்நாட்டிலே ஆள் மாத்திரமா மாறியது? கமக்காரனின் நிறுவனம் நாற்பத்திரண்டு ஆண்டுகளில் எத்தனை தடவை மாறியது என்பதைச் சட்டப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் தெரியும்.

1958ஆம் ஆண்டுக்கு முன்னர் வாய்க்காலுக்கு அதிகாரி வட்டவிதானை. அவ்வாண்டு, விவசாய உணவு மந்திரியாக இருந்த பிலிப் குணவர்த்தனா நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். குத்தகைக்குச் செய்பவனுக்குக் காணியிலே நிலையுரிமை, குத்தகைக்கு உச்சவரம்பு, விதானையின் இடத்திலே பயிர்ச்செய்கைக் குழு என்று அச்சட்டம் விதித்தது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் தோன்றின. ஏட்டிலே பார்த்தால் இது பெரும் புரட்சியே.

நடந்தது என்ன? மந்திரிசபைக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1959ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்மந்திரி பதவியைத் துறந்தார். எனினும் அதைவிடப் பெரிய தடை வயலிலே இருந்தது. சட்டம் குத்தகைக்காரனுக்கு உரிமையைக் கொடுத்தது. விதைநெல், உழவுக்கு எருமைச் சோடி, பஞ்ச மாதத்துக்கு நெற்கடன் ஆகியவை காணிக்காரனிடமே இருந்தன. சட்டப்படி குத்தகையைக் குறைத்துத் தா என்று கேட்டவன் அடுத்த போகத்துக்கு எருமையை எங்கே தேடுவான்? ஆகவே பலர் உரிமையைக் கேட்கவில்லை. கேட்ட பலர் காணியை விட்டே வெளியேற்றப்பட்டனர். நீதிமன்றம் தரக்கூடிய உரிமையை எருமைக் கொட்டில் தடுத்துவிட்டது.

பின்னர் 1972ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தால் உற்பத்தித்திறன் குழுக்கள் வந்தன. அவற்றின் உறுப்பினர்களை மந்திரியே நியமித்தார். அடுத்த ஆண்டு வந்த கமத்தொழிற் காணிகள் சட்டத்தோடு பயிர்ச்செய்கைக் குழுவும் நியமனக் குழுவாயிற்று. 1979ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கக் கமநல சேவைகள் சட்டம் குழுக்களின் இடத்திலே பயிர்ச்செய்கை உத்தியோகத்தரை அமர்த்தியது. 1991ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கத் திருத்தம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழேதான் உங்கள் அமைப்பு இன்று பதிவாகியிருக்கின்றது.

விதானை, தெரிவுக் குழு, நியமனக் குழு, உத்தியோகத்தர், அமைப்பு என ஐந்து பெயர்களைக் கண்டுவிட்டோம். இந்த ஐந்து பெயர்களின் கீழும் கமக்காரன் யாரோ ஒருவருடைய வாசலிலே காத்துக்கொண்டுதான் நின்றான். வாசல் மாறியது, காத்திருப்பு மாறவில்லை.

அதிகாரத்தின் ஊற்று

இதற்குக் காரணம் யாது? ஒரு நிறுவனம் எது இல்லாவிடில் ஒரு போகமும் நடக்கமாட்டாதோ, அந்தப் பொருள் எவர் கையில் இருக்கின்றதோ அவரே அந்நிறுவனத்தின் எசமானர். தலைவர் என்ற பெயர்ப் பலகை வேறொருவர் மேசையில் இருக்கலாம். திறப்பு இருக்கும் இடமே அதிகாரம் இருக்கும் இடம்.

நம் பெரியவர்கள் அனுபவத்தால் அறிந்த இவ்வுண்மையை மேல்நாட்டு அறிஞர்களும் ஆராய்ந்து எழுதியிருக்கின்றார்கள். 1962ஆம் ஆண்டு அமெரிக்கச் சமூகவியலாளர் றிச்சட் எமர்சன், ஒருவர்மேல் மற்றவருக்குள்ள அதிகாரம் அந்த ஒருவர் மற்றவரிலே எவ்வளவு தங்கியிருக்கின்றாரோ அவ்வளவே என்று நிறுவினார். 1978ஆம் ஆண்டு ஜெப்ரி ஃபெஃபர், ஜெரல்ட் சலன்சிக் என்ற இருவர் இக்கருத்தை நிறுவனங்களுக்கு விரித்து ஒரு நூல் எழுதினர். ஒரு நிறுவனம் ஏன் இப்படி நடக்கின்றது என்று அறியவேண்டுமானால் அதன் தலைவரின் குணத்தைப் பார்ப்பதற்கு முன்னர், அதற்குப் பணமும் பண்டமும் அனுமதியும் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பாருங்கள் என்பது அவர்கள் துணிபு.

இதை நாம் புத்தகத்திலே படிக்குமுன் பட்டறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் இம்மாவட்டத்தின் வேறொரு பகுதியிலே ஒரு கமக்காரர் அமைப்பு எம்மிடம் வந்தது. ஊரின் பெயர் வேண்டாம். பல ஆண்டுகளாக ஒருவரே தலைவர். மானியப் பட்டியலிலே தம்மவரை முன்னே வைக்கின்றார். கணக்குக் காட்டுவதில்லை என்று குறை சொன்னார்கள். நாம் ஊக்கத்தோடு புதிய யாப்பு ஒன்றை எழுதிக் கொடுத்தோம். இரண்டு ஆண்டுக்குமேல் எவரும் தலைவராக இருத்தலாகாது, இரகசிய வாக்கெடுப்பு, கணக்காய்வாளர் இருவர். பழைய தலைவர் போனார். படித்த இளைஞர் ஒருவர் வந்தார். மாலை போட்டோம், கைதட்டினோம்.

நான்கு போகம் கழித்து அதே ஊரார் அதே குறையோடு மறுபடி வந்தனர். அந்த இளைஞர் கெட்டவரல்லர். பசளை எந்த நாளில் வரும், எத்தனை மூடை வரும் என்ற சேதி அவர் ஒருவருக்கு மாத்திரமே கிடைத்தது. விதைப்புக் காலத்துக் கடனைக் கொடுக்கும் நெல்லாலைக்காரர், அவர் பிணை நின்றவர்களுக்கே கொடுத்தார். கையிலே சேதியும் பிணையும் சேர்ந்ததும் அவர் பழைய தலைவரின் நாற்காலிக்கு ஏற்ற மனிதரானார். நாம் எழுதிய யாப்பிலே ஒரு வரியும் பிழையில்லை. ஆலைக்காரரின் பெட்டகத்தையும் பசளை வரும் வழியையும் நாம் தொடவில்லை. அதுவே எமது பிழை.

பசளை மூடையும் கூப்பன் புத்தகமும்

பசளை மானியம் இந்நாட்டிலே 1962ஆம் ஆண்டு தொடங்கியது. 2005ஆம் ஆண்டின் பெரும்போகத்திலிருந்து ஐம்பது கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. அதனால் ஏழைக் கமக்காரனுக்கு நன்மை உண்டாயிற்று என்பதை எவரும் மறுக்கமுடியாது. ஆனால் அதே வேளையிலே, பயிருக்கு வேண்டிய உணவு முழுவதும் ஒரே கையிலிருந்து வரலாயிற்று. 2016ஆம் ஆண்டு மூடைக்குப் பதிலாகக் காசு என்றார்கள். பின்னர் மறுபடியும் மூடை என்றார்கள். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதியையே தடை செய்தார்கள். நவம்பரிலே தடையை நீக்கியபோது பெரும்போக விதைப்பின் காலம் போய்க்கொண்டிருந்தது. கொழும்பிலே எழுதிய ஒரு வர்த்தமானி அறிவித்தல், நாட்டின் கடைக்கோடி வயல் வரையும் பயிரை மஞ்சளாக்கிற்று.

சேதனப் பசளை நல்லதா, இரசாயனப் பசளை நல்லதா என்பதன்று இங்கே வழக்கு. அந்த முடிவு எடுக்கப்பட்டபோது நாட்டிலே ஆயிரக்கணக்கான கமக்காரர் அமைப்புகள் பதிவேட்டிலே இருந்தன. அவற்றுள் எதனிடமாவது கேட்டார்களா? கேட்கவில்லை. ஏன் கேட்கவேண்டும்? தன்னிடம் கையேந்தி நிற்பவனிடம் எவரும் ஆலோசனை கேட்பதில்லை.

கூட்டுறவுச் சங்கங்களின் கதையும் இதுவே. ஒரு காலத்திலே ஊர்தோறும் ஐக்கிய சங்கக் கடை கொடிகட்டிப் பறந்தது. அதன் உயிர் கூப்பன் புத்தகத்திலே இருந்தது. அரிசி, மா, சீனி எல்லாம் கூப்பனுக்குச் சங்கத்தின் ஊடாகவே வந்தன. சனங்கள் சங்கத்துக்கு வந்தது பங்காளர் என்ற உரிமையாலா, பண்டம் வேறெங்கும் கிடையாது என்ற கட்டாயத்தாலா? 1977ஆம் ஆண்டு இறக்குமதிக் கதவு திறந்தது. 1979ஆம் ஆண்டு கூப்பன் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. எத்தனையோ சங்கக் கடைகள் தூசி படிந்தன. ஒரே தூணிலே நின்ற கூரை, தூணை உருவியதும் சாய்ந்தது. இதற்கு மாறாக, யாழ்ப்பாணத்து மூளாயிலே 1936ஆம் ஆண்டு ஊரவர் கூடி ஒரு கூட்டுறவு ஆஸ்பத்திரியைத் தொடங்கினர். ஊர்ச் சனங்களே பங்காளராகச் சேர்ந்து அதனைத் தாங்கினர். கூட்டுறவு என்ற சொல்லுக்கு அதுவே பொருள்.

தண்ணீர்

பசளையை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். வெருகல் ஆறு மகாவலியின் கிளை. 1976ஆம் ஆண்டு பொல்கொல்லையிலே மகாவலியை மறித்து அதன் நீரின் ஒரு பங்கை வடமத்திய மாகாணத்துக்குத் திருப்பினார்கள். 1985ஆம் ஆண்டு விக்டோரியா அணை முடிந்தது. நம் மதகை அடையுமுன் அந்நீர் எத்தனையோ கதவுகளைக் கடந்து வருகின்றது. அந்தக் கதவுகளைத் திறக்கும் மேசைகளிலே நம்மவர் எவரும் இல்லை.

தண்ணீர்க் கதவு எத்தகைய ஆயுதம் என்பதை உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டு ஜூலையிலே விடுதலைப் புலிகள் மாவிலாற்று மதகை மூடினர். மூவினத்துக் கமக்காரரின் வயல்களுக்கும் நீர் நின்றது. அரசாங்கப் படை விமானத்தாலும் தரையாலும் போர் தொடுத்து ஆகஸ்டிலே மதகைக் கைப்பற்றியது. மதகு திறந்தது, போர் மூடவில்லை. மூதூரும் சம்பூரும் வெருகலும் இடம்பெயர்ந்தன. சம்பூர் மக்கள் இந்தக் கிளிவெட்டி முகாமிலேயே தகரக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தனர். 2015ஆம் ஆண்டிலிருந்தே அவர்களுடைய காணிகள் விடுவிக்கப்படலாயின. அம்முகாமிலே வாழ்ந்தவர்கள் இக்கூட்டத்திலும் இருக்கக்கூடும். நிவாரணத்தை நம்பி உலை வைக்கும் வீட்டிலே குடும்பத் தலைவர் யார் என்று அவர்களைக் கேளுங்கள். எவர் மதகை மூடினாலும், எவர் அதனைப் பிடித்தாலும், வாய்க்காலை நம்பி விதைத்தவனுக்கு அக்கதவின்மேல் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

அரசியலுக்கும் இதுவே விதி

வயலுக்குள்ள விதியே ஆட்சிக்கும் உள்ளது. 1957ஆம் ஆண்டு பண்டாரநாயக்கா செல்வநாயகம் ஒப்பந்தத்திலே பிரதேச சபைகளைப் பற்றி எழுதியபோது விவசாயம், கூட்டுறவு, காணி, குடியேற்றம் என்று அதிகாரங்களை அடுக்கியதோடு நிறுத்திவிடவில்லை. சபைகளுக்கு மத்திய அரசாங்கம் மொத்த நன்கொடை வழங்கும் என்றும், வரி விதிக்கவும் கடன் பெறவும் சபைகளுக்கு அதிகாரம் உண்டு என்றும் எழுதினார்கள். பெட்டகம் இல்லாத சபை வெறும் பந்தல் என்பதை அன்றைக்கே அறிந்திருந்தார்கள். 1958ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்வொப்பந்தம் கிழிக்கப்பட்டது.

முப்பது ஆண்டு கழித்து, 1987ஆம் ஆண்டு, பதின்மூன்றாம் திருத்தத்தால் மாகாண சபைகள் வந்தன. கட்டடம் வந்தது, மந்திரிமார் வந்தனர். ஆனால் பல மாகாணங்களின் ஊடாகப் பாயும் ஆறுகளின் நீர்ப்பாசனம் மத்திக்கே உரியதாயிற்று. மகாவலி அப்படிப்பட்ட ஆறு. நிதியோ பெரும்பாலும் மத்தியிலிருந்தே வரவேண்டும். ஆளுநரின் பரிந்துரையின்றி நிதி சம்பந்தமான நியதிச் சட்டத்தைக் கொண்டுவரவும் இயலாது. கிழக்கு மாகாண சபையின் ஆயுட்காலம் 2017ஆம் ஆண்டு முடிந்தபின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றி ஆளுநரின் கையிலே கழிந்தன. சபை இல்லாதபோதும் பஸ் ஓடிற்று, பள்ளிக்கூடம் நடந்தது. அப்படியானால் சபை இருந்தபோது அதிகாரம் எங்கே இருந்தது என்பதை நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

கல்லோயா தந்த பாடம்

அப்படியானால் எளியவன் என்றும் எளியவன்தானா? இல்லை என்பதற்கு நம் கிழக்கு மாகாணத்திலேயே சான்று உண்டு. கல்லோயாவின் இடதுகரையிலே 1981ஆம் ஆண்டு, கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக வயலுக்கு அனுப்பின. தலைமடையிலே சிங்களக் கமக்காரர். கடைமடையிலே தமிழ்க் கமக்காரர். தண்ணீர் திருட்டும் சண்டையும் நிறைந்த திட்டம் என்று பெயர் பெற்ற இடம் அது. அவ்வாண்டு நீர்த்தேக்கத்திலே நீரும் குறைவு.

அந்த இளைஞர்கள் தலைவர் தெரிவோடு தொடங்கவில்லை. ஒரே வயல் வாய்க்காலிலே நீர் பாய்ச்சும் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டி, உங்கள் வாய்க்காலிலே இன்று நீங்களே செய்யக்கூடிய வேலை எது என்று கேட்டார்கள். வாய்க்காலைத் துப்புரவு செய்தனர், முறைவைத்துப் பாய்ச்சினர், மிச்சம் பிடித்த நீரைக் கடைமடைக்கு விட்டனர். சிங்களக் கமக்காரன் மிச்சம் பிடித்த நீர் தமிழ்க் கமக்காரனின் வயலுக்குப் பாய்ந்தது. அப்போதுதான் நீர்ப்பாசன உத்தியோகத்தர்களும் இவர்களை மதித்துப் பேசத் தொடங்கினர். இவர்கள் ஒத்துழைத்தால்தான் தம் வேலையும் ஒழுங்காக நடக்கும் என்பதை அவர்கள் கண்டனர். கமக்காரன் உத்தியோகத்தரிலே தங்கியிருந்தது போலவே உத்தியோகத்தரும் கமக்காரனிலே தங்கியிருக்க வேண்டியதாயிற்று. நோர்மன் அப்ஹொஃப் என்ற பேராசிரியர் இதனை ஒரு நூலாகவே எழுதியிருக்கின்றார்.

அங்கேயும் ஒரு குறை இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த அமைப்பாளர்களுக்கு நிரந்தர உத்தியோகம் இருக்கவில்லை. ஆசிரியர் வேலை கிடைத்ததும் பலர் போய்விட்டனர். வெளியிலிருந்து வந்த சம்பளத்திலே நின்ற வேலை வெளியாருடைய காலக்கணக்கிலேயே முடிந்தது. கமக்காரர் தாமே கூடி அமைத்த வாய்க்கால் குழுக்களோ பின்னரும் நிலைத்து நின்றன.

செய்யவேண்டியவை

ஆகவே உங்கள் பொதுக்கூட்டத்துக்கு நாம் சொல்லும் ஆலோசனை இதுதான்.

முதலாவதாக, யார் தலைவர் என்று கேட்குமுன் ஒரு கணக்கு எழுதுங்கள். தண்ணீர், விதைநெல், பசளை, கடன், அறுவடை இயந்திரம், உலர்த்தும் களம், களஞ்சியம், சந்தை, சேதி. இந்த ஒன்பதும் எவர் கையில் இருக்கின்றன? அவர் இல்லை என்றால் மாற்று உண்டா? மாற்று இல்லாத இடத்திலே ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி இருக்குமிடத்திலேதான் உங்கள் கழுத்துக் கயிறு கட்டப்பட்டிருக்கின்றது.

இரண்டாவதாக, எந்த ஒன்றுக்கும் ஒரே வாசலை நம்பாதீர்கள். நெல்லைக் களத்திலேயே ஈரத்தோடு விற்பது ஏன்? உலர்த்த இடமில்லை, விதைப்புக்கு வாங்கிய கடன் ஆலைக்காரருக்கு இறுக்கவேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த நெல் சந்தைப்படுத்தும் சபையின் தர அளவு நூற்றுக்கு 14 வீத ஈரம். ஈர நெல்லோடு நிற்பவனுக்கு உத்தரவாத விலை பத்திரிகையில் வாசிக்கும் விலையே. உலர்த்தி ஒரு மாதம் வைத்திருக்க வல்லவனுக்கு ஆலைக்காரரும் ஒரு வாசல், சபையும் ஒரு வாசல், நகரத்துக் கடையும் ஒரு வாசல். மூன்று வாசல் உள்ளவனிடம் எல்லோரும் மரியாதையாகப் பேசுவார்கள்.

மூன்றாவதாக, சொந்த நிதி. ஒரு கணக்குச் சொல்கின்றோம். ஓர் அமைப்பிலே முன்னூறு ஏக்கர் இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். போகத்துக்கு ஏக்கருக்குப் பத்துக் கிலோ நெல் பொதுவுக்கு என்று ஒதுக்கினால் போகத்துக்கு 3,000 கிலோ. இரு போகமும் விளைந்தால் ஐந்து ஆண்டிலே 30,000 கிலோ. பத்துக் கிலோ நெல்லைக் கொடுத்து எவரும் ஏழையானதில்லை. விதைப்புக் காலத்திலே தாலிக்கொடி அடைவுக்குப் போகும் வீடுகள் எத்தனை என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். அந்த அடைவை மீட்கத் தொடங்கும் நிதி இதுதான்.

நான்காவதாக, சேதி ஒருவரிடம் தங்கக் கூடாது. பசளைப் பட்டியல், நீர் திறக்கும் நாள், வரவு செலவு ஆகியவற்றை எழுதிக் கோயில் வாசலிலும் சங்கக் கடை வாசலிலும் ஒட்டுங்கள். பொருளாளரைக் கடைமடையிலிருந்து தெரிவு செய்யுங்கள். காணிச் சொந்தக்காரர் மாத்திரமன்றிக் குத்தகைக்குச் செய்பவரும், கணவனை இழந்து கமத்தை நடத்தும் பெண்களும் வாக்குரிமையோடு உட்காரவேண்டும். மேலே இருப்பவரிடம் நாம் குறைகூறும் அதே அநியாயத்தை நமக்குக் கீழே இருப்பவனுக்கு நாம் செய்யலாகாது. காணியில்லாத குத்தகைக்காரனுக்கு நம்மில் எத்தனை பேர் வட்டவிதானைகளாக இருக்கின்றோம்?

ஐந்தாவதாக, ஒரே வாய்க்காலிலே உள்ள தமிழ், முஸ்லிம், சிங்கள அமைப்புகள் போகந்தோறும் ஒரு மேசையிலே கூடவேண்டும். மேலே உள்ள கதவுகளைத் திறக்கக் கேட்கும்போது ஒரே கடிதத்திலே மூவினத்தாரின் ஒப்பமும் இருக்கட்டும். தனித்தனியே போனால் ஒருவரைக் காட்டி மற்றவரைத் திருப்பி அனுப்புவது எளிது.

நமது குற்றம்

இவ்வளவும் சொன்ன நாம் நமது குற்றத்தையும் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கின்றோம். அரசியல் ஊழியர்களாகிய நாம் என்ன செய்தோம்? உத்தியோகத்துக்குச் சிபாரிசுக் கடிதம், பசளைக்குத் தொலைபேசி, மீள்குடியேற்ற வீட்டுக்கு ஒரு சொல் என்று செய்து, அதற்கு நன்றியை வாக்காக எதிர்பார்த்தோம். உங்களுக்குச் சேவை செய்தோம் என்று எண்ணினோம். உண்மையிலே உங்களுக்கும் உங்கள் உரிமைக்கும் இடையிலே ஒரு கதவை மாட்டி, அதன் திறப்பை எம் சட்டைப் பையிலே போட்டுக்கொண்டோம். கமக்காரர் அமைப்பு தன் காலிலே நின்றுவிட்டால் நம்மைத் தேடுவார்களா என்ற அச்சம் எல்லாக் கட்சிகளுக்கும் உண்டு, எமக்கும் இருந்தது. அந்த அச்சத்தை விடாத கட்சி மக்களுக்கு விடுதலை பெற்றுத் தரப்போவதில்லை. ஆகவே யாப்பிலே இன்னொரு விதியையும் எழுதுங்கள். எந்தக் கட்சியிலும் பதவி வகிப்பவர் உங்கள் நிர்வாக சபையிலே இருத்தலாகாது. எம்மையும் சேர்த்தே சொல்கின்றோம்.

இரு தீர்மானங்கள்

இனி அந்த இரண்டு தீர்மானங்கள். நிர்வாக சபையை நீக்கவேண்டுமாயின் நீக்குங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் அதற்கு முதல் நாம் சொன்ன ஒன்பது வரிக் கணக்கைப் பொதுக்கூட்டத்திலே வாசியுங்கள். அதை வாசிக்காமல் ஆளை மட்டும் மாற்றினால் நான்கு போகம் கழித்து இதே பந்தலிலே இதே குறையைக் கேட்க எம்மை மறுபடி அழைப்பீர்கள்.

களஞ்சியத்தை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. களஞ்சியம் உங்களுக்கு மிகவும் தேவை. அது எவ்வளவு தேவையோ அவ்வளவு விழிப்பும் தேவை. கட்டடம் நிற்கும் காணி எவர் பெயரில்? பூட்டின் திறப்பு எவரிடம்? பழுதானால் திருத்துபவர் யார்? குழுவைத் தெரிவு செய்பவர் யார்? இந்த நான்குக்கும் விடையை எழுத்திலே கேளுங்கள். காணி அமைப்பின் பெயரில், திறப்பு அமைப்பிடம், திருத்தச் செலவு பொது நிதியிலிருந்து, குழு பொதுக்கூட்டத்தின் தெரிவு என்று அவர் ஒப்பமிட்டால் மாலை போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். ஒப்பமிட மறுத்தால் நன்றி கூறி அனுப்பிவிட்டு, உலர்த்தும் களத்தின் முதல் வரிக் கல்லை இந்தப் போகத்து நெல்லிலேயே வையுங்கள். சிறிய களமாக இருக்கட்டும். உங்கள் களமாக இருக்கட்டும்.

அந்த ஒப்பந்தப் பத்திரத்தைக் கூலியின்றி எழுதித் தர நாம் ஆயத்தமாக இருக்கின்றோம். ஆனால் இம்முறை யாப்பை எழுதுவதற்கு முன்னர் உங்கள் கணக்கு எம் கையிலே இருக்கவேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் மீண்டும் வருவோம். தலைவரும், கடைமடைக் கமக்காரர் ஒருவரும், தாய்மார்களிலே ஒருவரும் சேர்ந்து அந்த ஒன்பது வரிகளையும் எழுதி வைத்திருங்கள். அதிலிருந்து தொடங்குவோம்.